நைனா பிணமாக நடித்த படம்

நைனாவுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான். காபியில் சர்க்கரை போடுவதை நிறுத்தியதோடு தன் வேலை முடிந்தது என்று அம்மா இருந்தாள். தம்பிக்கு அவன் கடை. நைனாவோ காலையில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, டிபன் ஆகும்வரை தெருவைச் சுற்றப் போய்விடுவார். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும், ஆளே மாறிப்போவார் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்த அளவுக்கு வேறு யார் காதிலும் விழவில்லை. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நான், அடுப்பை அணைத்துவிட்டு அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க ஓடுவேன். என் கணவர் அரக்கோணத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர். "உங்க நைனா இன்னா கொழந்தையா?" என்பார்.

நைனா பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டியவர். உடம்பு ஒத்துவரவில்லை என்றதும் தறிகளைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவோடு திருத்தணிக்கு வந்து தம்பியோடு தங்கிவிட்டார். தறிச் சத்தத்திலேயே இருந்த மனிதருக்கு எங்கள் தெருவின் அமைதி பிடிக்கவில்லை. கடைக்குப் போவார், கோயில் படி வரை நடப்பார், திரும்பி வந்து படுத்துக்கொள்வார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

தம்பிக்கு மலையடிவாரத்தில் வீடியோ கடை. மலைமேல் நடக்கும் கல்யாணங்களைப் படமெடுப்பது அவன் தொழில். எண்பதுகளின் கடைசி அது. தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும் பெரிய கேமரா, அதற்குள்ளேயே கேசட் போகும். முகூர்த்த மாதங்களில் அவனைக் கண்ணால் பார்க்க முடியாது. மார்கழி வந்தால் கல்யாணம் கிடையாது. கேமராவுக்கு உறை போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வாடகைக்கு வாங்கிய வெளிநாட்டுக் கேசட்டுகளை டெக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கும் படங்கள். அவன் அவற்றைப் போட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு மார்கழியில் அவனே அப்படி ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னான்.

"மெட்ராஸ் போயி எடிட்டிங் பண்றதுக்கெல்லாம் நமக்கு வழியில்லக்கா. அதனால கதயையே அதுக்குத் தக்கன வெச்சிட்டேன்" என்றான். "ஒரு கல்யாண வீடியோக்காரன். கரும்புக் கொல்ல வழியா நடந்து வரான். செத்தவங்க எழுந்து வராங்க. அவன் ஓடிகினே படம் புடிக்கிறான். கடசில அவனும் பூடறான். கேமரா மட்டும் கொல்லையில கெடக்குது. யாரோ எடுத்து, அதுல இருந்த கேசட்ட போட்டுப் பாக்கறாங்க. அந்தக் கேசட்டுதான் படம். வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம்."

"அந்த வீடியோக்காரனா யாரு நடிக்கிறது?"

"நான்தான். மொகமே காட்டமாட்டேன். மூச்சு வாங்கற சத்தம் மட்டும் கேக்கும்."

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நைனா திரும்பினார். "செத்தவங்க எத்தினி பேர் வேணும்?" என்று கேட்டார்.

தம்பி வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து கையில் கரண்டியோடு வந்தாள். "உயிரோட கீற மனுசன் பொணமா வேசம் போடறதா? அதுவும் மார்கழி மாசத்துல?"

"கூத்துல எமன் வேசம் கட்றவன் ஊரையே கூட்டிகினா போறான்? நீ போய் வேலயப் பாரு" என்றார் நைனா. பல மாதங்களாக அவர் அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மாவும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கரண்டியோடு திரும்பி உள்ளே போனாள்.

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு விவசாயி. அவருடைய மகள் கல்யாணத்தைத் தம்பி எடுத்திருந்தான். வெட்டுக்கு நின்ற கரும்பில் நுழைந்து படமெடுத்துக்கொள்ள அவர் சம்மதித்தார், பயிரை மிதிக்காமல் இருந்தால் சரி என்று. மற்ற பிணங்களாக நடிக்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து நைனாவின் பழைய தறிக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. படம் எடுக்கக் குறித்த நாளில் அவர்கள் பக்கத்தில் கரண்ட் கிடையாது, தறி ஓடாது.

முகப்பூச்சு என் பொறுப்பு. தறியில் பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியை முகத்தில் தடவிக் காயவிட்டால் தோல் உரிந்து வெடித்தது போல் ஆகும் என்பது நைனாவின் யோசனை. கஞ்சியில் கொஞ்சம் சாம்பல் கலந்து, தறியில் கழியும் வேஸ்ட் நூலைக் கன்னத்தில் ஒட்டி, வீட்டில் முதலில் அவர் முகத்தில்தான் சோதித்துப் பார்த்தோம். கண்ணாடியில் பார்த்து அவர் சிரித்தபோது கன்னம் பாளம் பாளமாகப் பிளந்தது. தம்பி கைதட்டினான். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஈரத் துணியால் உடனே துடைத்துவிட்டேன்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பனி கொட்டியது. கிளம்பும் அவசரத்திலும் நைனா மறக்காமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மட்டும் மறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இட்லியை டிபன் கேரியரில் வைத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலேயே சாப்பிடச் சொன்னேன்.

"பஸ்ல குந்திகினு துன்றதா? போய்ப் பாத்துக்கலாம்."

போய்ச் சேர்ந்ததும் முதல் ஆளாக வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டு முகத்தைக் காட்டினார்.

"நைனா, சாப்டுட்டு பூசிக்க."

"நீ பூசு. மத்தவங்களுக்குப் பூசறதுக்குள்ள துன்னுடறேன்."

பூசினேன். மற்றவர்களுக்குப் பூசி முடித்துத் திரும்பியபோது அவர் முகம் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. இட்லியை விண்டு நீட்டினேன். உதட்டை அசைக்காமல், "வாயத் தொறந்தா எல்லாம் வெடிச்சிடும். ஷாட் முடியட்டும்" என்றார். தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பனி போவறதுக்குள்ள எடுத்துடணும்க்கா. ஒரே ஷாட்டு. முடிஞ்சதும் நானே ஊட்றேன்" என்றான். கையில் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். தறிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சந்தோஷமாக இல்லாதவள் நான் மட்டும்தான். அதனால் என் பேச்சு எடுபடவில்லை.

"நைனா, நீ கடசில வா. அவசரமே வேணாம். கால இஸ்துகினு மெதுவா வா" என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். எல்லோரும் கரும்புக்குள் போய் மறைந்தார்கள்.

நான் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கரும்புக்கு நடுவே போகும் தடத்தில் நடந்தான். தோகைகள் சரசரத்தன. பிறகு, "யாரு? யாருங்க அது?" என்று அவன் குரல். பிறகு ஓட்டம். "ஐயோ, வராங்க!" என்று அவன் கத்தியபோது, எல்லாம் தெரிந்த நானே திரும்பிப் பின்னால் பார்த்தேன். வெள்ளை முகங்கள் கரும்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. தம்பி பின்னால் திரும்பித் திரும்பிப் படம் பிடித்தபடி அடுத்த கொல்லைக்குள் ஓடினான். எல்லோரும் அவன் பின்னால் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தம் தூரத்தில் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

திரும்பி வரும்போது வெறும் சிரிப்பும் கும்மாளமுமாக வந்தார்கள். ஒருவன் தடுக்கி விழுந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒவ்வொரு வெள்ளை முகமாகப் பார்த்தேன்.

"நைனா எங்க?"

"பின்னால வந்துகினு இருந்தாரு" என்றான் ஒருவன்.

"ஒண்ணுக்குப் போயிருப்பாரு" என்றான் இன்னொருவன்.

நின்றோம். யாரும் வரவில்லை. "நைனா" என்று கூப்பிட்டேன். தம்பியும் கூப்பிட்டான். கரும்புக்குள் கூப்பிடும் குரல் போன இடம் தெரியாமல் போய்விடுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதிலுக்கு ஒரு கொக்குகூடப் பறக்கவில்லை. "அவர் சாப்பிடலடா" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

பிரிந்து தேடினோம். கரும்பு ஆளை விட உயரம். இரண்டு கை தூரத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால்கூடத் தெரியாது. தோகை என் கையையும் கழுத்தையும் அறுத்தது. குனிந்து குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே போனேன். எங்காவது அவர் கால் தெரியுமா என்று பார்த்தேன், தெரிந்துவிடக்கூடாதே என்றும் பயந்தேன். பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கேட்கத் தறிக்காரர்கள் ஓடினார்கள். முகத்தைக் கழுவவேண்டும் என்ற நினைவு யாருக்கும் வரவில்லை. அந்தப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு களைக்கொத்தை எறிந்துவிட்டு ஓடிவிட்டார்கள். சத்தம் கேட்டு நிலத்துக்காரர் வந்தார். விஷயம் தெரிந்ததும், "பாத்துப் போங்கம்மா, காஞ்ச கரும்புச் சோகைக்குள்ள பாம்பு இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "கெணத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாகக் கரும்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் வேஸ்ட் நூல் ஒரு கொத்து மிதந்துகொண்டிருந்தது. என் கையால் கன்னத்தில் ஒட்டிய நூல். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி குதிக்கப் போனான், இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நீச்சல் தெரிந்த ஒரு தறிக்காரர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் முங்கி முங்கி எழுந்தபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"இங்க யாரும் இல்லீங்க" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. அப்போதுதான் மேலே நின்றிருந்தவர்களில் ஒருவன், காலையில் கன்னம் அரித்ததால் நூலைப் பிய்த்துத் தானே கிணற்றில் போட்டதாகச் சொன்னான். அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. அப்போது தம்பி கேமராவைப் பார்த்தான். அவன் இறக்கி வைத்த வரப்பில் கேட்பாரற்றுக் கிடந்தது.

"அக்கா, நைனா இதுல இருப்பாரு" என்றான்.

போட்டுப் பார்க்க அங்கே டிவி கிடையாது. கேமராவில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல் மட்டும்தான். கட்டைவிரல் அகலத்தில், கறுப்பு வெள்ளையில் ஓடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். பேட்டரி தீரப்போவதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தம்பி கேசட்டைப் பின்னால் சுற்றிக் கண்ணை வைத்தான். "எல்லாம் ஒரே மாதிரி கீறாங்க, யாருன்னே தெரியல" என்று அழுதுவிட்டான். நான் கேமராவை வாங்கினேன். காதில் மாட்டும் ஒயரையும் மாட்டிவிட்டான்.

படம் குலுங்கியது. தம்பியின் மூச்சு என் காதுக்குள் இரைத்தது. வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முகத்தை விட்டுவிட்டு நடையைப் பார்த்தேன். கடைசியாக ஒருவர் தடத்தில் வந்தார். இடது தோள் இறங்கிய நடை, எங்கள் நைனா. காலை இழுத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்தார். "சூப்பர் நைனா! அப்டியே வா!" என்று தம்பி கிசுகிசுப்பது கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து வந்தார்கள். அவர் நின்றார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்தார், அந்தப் பனியில். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். கேமரா வேறு பக்கம் ஓடிவிட்டது. மறுபடி ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பியபோது, மிகத் தூரத்தில், இரட்டைப் பனைமரத்துக்குப் பக்கத்தில் கால்வாயைத் தாண்டும் ஒரு சின்னப் புள்ளியாக அவர் தெரிந்தார். அதோடு ஜன்னல் இருண்டுவிட்டது.

அவர் தள்ளாடியது நடிப்பில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. "ரெட்டப் பன பக்கம் பூட்டாருடா" என்று மட்டும் சொன்னேன்.

கால்வாயைத் தாண்டி ஓடினோம். வழியில் சைக்கிளில் எதிரே வந்த ஒருவர் தம்பியோடு வந்த வெள்ளை முகங்களைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றார். "நீங்களும் அந்தாளு கூட வந்தவங்களா?" என்றார்.

"எந்த ஆளுங்க?"

"வெல்லக் கொட்டகையில பேய் புடிச்சவன் ஒருத்தன் பூந்துட்டானாம். மொகமெல்லாம் வெடிச்சிப்போயி கீதாம். தடி எடுத்துகினு ஓடறானுங்க எல்லாரும்."

அதன்பிறகு அந்த வரப்பில் நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. செருப்பு எங்கே போனது என்றும் தெரியாது. தடி என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. அவர் பேசும் நிலையில் இருக்கமாட்டார், யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, முகத்தைத் துடைக்கவும் தோன்றாது. அடித்தால் வாங்கிக்கொள்வார்.

கொட்டகையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தடிகளும் இருந்தன, யாரும் ஓங்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கரும்புச் சாறு கொதிக்கும் பெரிய கொப்பரையிலிருந்து ஆவி எழுந்தது. அதன் பக்கத்தில், சக்கைக் குவியல்மேல் சாய்ந்து நைனா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கஞ்சி பிளந்து தொங்கியது. ஒரு நடுவயதுப் பெண் முன்னால் குந்தி, இலையில் வழித்த சூடான வெல்லப் பாகை ஊதி ஊதி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தன் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"நைனா!"

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் என்னை அவருக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் ஒன்று இருந்ததாக ஞாபகமில்லை. பிறகு, "நீ எங்க இங்க வந்த?" என்றார்.

அந்தப் பெண் ஆந்திரப் பக்கத்திலிருந்து வெல்லம் காய்ச்ச வந்தவள். அவர்கள் எல்லோருமே தெலுங்குக்காரர்கள். நைனா உள்ளே நுழைந்ததும் ஆண்களே ஓடிவிட்டார்களாம். "நீள்ளு, நீள்ளுன்னு தண்ணி கேட்டாருமா" என்றாள் அவள். எங்கள் பாட்டன் வீட்டில் தெலுங்குதான். ஆனால் நைனா அதைப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "தண்ணி குடுத்தேன். அப்பால கொப்பரையவே பாத்துகினு நின்னாரு. காய்ச்சற எடத்துக்கு வந்தவங்களுக்குக் கொஞ்சம் குடுக்காம அனுப்பமாட்டோம். அதான்."

"உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"ஆங், பயந்தான். அவரு என்னிய விட பயந்துகினு இருந்தாரும்மா."

அவளுக்குச் சர்க்கரை வியாதியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பாகு ஒட்டிய கை.

நிலத்துக்காரரின் டிராக்டரில் நைனாவைத் திருத்தணிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்த வெல்லம் உள்ளே போயிருக்காவிட்டால் கொல்லையிலேயே நினைவு தப்பியிருக்கும் என்றார். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். நடந்ததைத் தம்பி சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "படம் எடுங்க, வேணாங்கல. மனுசனுக்கு முதல்ல சோறு போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். கத்துவாள், தம்பியை அடிப்பாள் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, நைனாவின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் தம்பியைப் பார்த்து, "படம் முடிஞ்சிதா?" என்றாள்.

"இல்லம்மா, பாதிதான் ஆச்சி. அந்தக் கேசட்ட அழிச்சிடறேன்."

"அழிக்காத. முடிச்சிடு."

எங்களுக்குப் புரியவில்லை.

"வேசம் கட்டுனா மொறயா கலைக்கணும். பாதில வுட்டா அது ஆள்மேலயே நின்னுடும். நானும் வரேன். நான் சோறு போட்டப்புறம்தான் அவரு மேல கை வெக்கணும்" என்றாள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னவள் இப்போது முடித்தே ஆகவேண்டும் என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு மறுபடி அந்தக் கரும்புக்குள் நுழையும் தைரியம் இல்லை. நைனா படுத்தபடியே, "அம்மா சொல்றதுதான் சரி" என்றார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு மறுபடி போனோம். வரப்பில் எல்லோர் கண்முன்னாலும் அம்மா இட்லியை ஊட்டினாள். தறிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நைனா எல்லாவற்றையும் தின்றார். அதற்கப்புறமும் எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் நடந்த இடத்தில் எல்லாம் நாலு அடி தள்ளி நானும் கரும்புக்குள் நடந்தேன். "அக்கா, நீ படத்துல வுழற! தள்ளிப்போ!" என்று தம்பி கத்தினான். தள்ளிப்போனேன். மறுபடி கிட்டே வந்துவிட்டேன்.

நடிப்பு முடிந்ததும் கால்வாயைத் தாண்டி வெல்லக் கொட்டகைக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை கொண்டுவந்திருந்தேன். கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. அந்தக் கொல்லையில் கரும்பு வெட்டி முடிந்துவிட்டது, ஆட்கள் வேறு ஊருக்குக் காய்ச்சப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார் அங்கிருந்த காவல்காரர். பெயராவது தெரியுமா என்றேன். தெரியாது என்றார். நானும் அன்றைக்குக் கேட்டிருக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அந்தப் புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கடையில் டிவியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துப் படத்தைப் போட்டான். தெருவே வந்து நின்றது. நைனா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு. பிணங்கள் கேமராவை நோக்கி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிணம் மட்டும் நின்று, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி எங்கோ போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அது எங்க போவுதும்மா?" என்று கேட்டாள். நான் எழுந்து கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். படத்திலேயே நல்ல இடம் அதுதான் என்று பிறகு எல்லோரும் தம்பியைப் பாராட்டினார்கள். அவன் கேசட்டை எடுத்து உறையில் போட்டான்.

இன்னொன்றையும் கேட்டார்கள். பிற்பாதியில் ஒரு கிழட்டுப் பிணத்தின் பின்னாலேயே ஒரு பொம்பளைப் பேய் வருகிறதே, முகத்தில் பூச்சு எதுவும் இல்லாமலே அவ்வளவு பயங்கரமாக இருக்கிறதே, அது யார் என்று. நைனா என்னைத் திரும்பிப் பார்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என் பொண்ணுதான். நல்லா நடிச்சிதுல்ல?" என்றார்.

நைனா அதற்கப்புறம் நிறைய வருஷம் இருந்தார். மாத்திரையை அம்மா எதிரில் உட்கார்ந்துதான் போட்டுக்கொள்வார். ஆர்.கே.பேட்டையிலிருந்து யாரோ அந்தக் கேசட்டைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார்கள். தம்பி பல தடவை ஆள் அனுப்பியும் திரும்பி வரவில்லை. அவனுக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.